ரோமியோ ஜூலியட்டின் நடுவில் வரும் வாட்சண்டை: விபத்தா, வினையா?

மருதநில வாசகி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். இளங்கலை ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கு இந்தப் பருவத்தில் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகத்தைப் பாடமாக நடத்தி வருகிறேன். மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியை, அதாவது ரோமியோவின் நண்பன் மெர்குஷியோவும் ஜூலியட்டின் உறவினன் டிபால்ட்டும் அடுத்தடுத்து இறக்கும் அந்தத் தெருச்சண்டையை நடத்தி முடித்ததும் வகுப்பில் பெரிய விவாதம் எழுந்தது. “ரோமியோ அந்த நேரத்தில் அந்தத் தெருவுக்கு வராமல் இருந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும், இது வெறும் தற்செயல், தற்செயலால் வரும் அழிவை எப்படித் துன்பியல் என்று சொல்வது?” என்று ஒரு மாணவி கேட்டார். வகுப்பில் பாதிப்பேர் அவர் பக்கம் நின்றார்கள். மறுபாதியினர், முன்னுரையிலேயே இருவரும் கோள்களால் பகைக்கப்பட்ட காதலர்கள் என்று சொல்லப்பட்டுவிட்டதால் எல்லாம் விதிப்படியே நடக்கிறது என்றார்கள். இந்த இரண்டு விடைகளிலும் எனக்கு மனநிறைவு இல்லை.

எனக்குத் தெரிந்தவரை, இந்தக் காட்சி வரும்வரை நாடகம் இன்பியல் நாடகத்தின் வழியிலேயே நடக்கிறது. காதலுக்குக் குறுக்கே நிற்கும் பெற்றோர், முகமூடி விருந்து, வாயாடியான செவிலி, உதவிக்கு வரும் துறவி, ரகசியத் திருமணம் என்று ஷேக்ஸ்பியருடைய இன்பியல் நாடகங்களில் நாம் காணும் சரக்குகளே இங்கும் இருக்கின்றன. இந்த ஒரு காட்சிக்குப் பிறகு அந்த வழி அடைபட்டுவிடுகிறது. ஒரு சண்டையால் நாடகத்தின் இனத்தையே மாற்ற முடிவது எப்படி? மெர்குஷியோ இறந்தே ஆக வேண்டுமா? ஷேக்ஸ்பியரின் பிற துன்பியல் நாடகங்களிலும் இப்படிப்பட்ட சண்டை உண்டா? ஆழ்ந்து படித்தவர்கள் விளக்கினால் வகுப்பில் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

திரைச்சீலை:

வணக்கம் அம்மா. ரோமியோ வராமல் இருந்திருந்தால் என்று கேட்கும் மாணவியிடம், வந்த ரோமியோ எங்கிருந்து வருகிறான் என்று திருப்பிக் கேளுங்கள். துறவி லாரன்ஸின் இருப்பிடத்தில் ஜூலியட்டை மணம் செய்துகொண்டு, அந்த மகிழ்ச்சி முகத்தில் மாறாமல் அவன் வருகிறான். டிபால்ட் தனக்கு உறவினனாகி ஒரு மணி நேரந்தான் ஆகிறது என்று பிறகு அவனே சொல்கிறான். டிபால்ட் ஜூலியட்டின் தாய்மாமன் மகன். ஆகவே டிபால்ட் அவனைக் கயவன் என்று தெருவில் வைத்துத் திட்டும்போது, திட்டுபவன் தன் மனைவியின் சொந்தக்காரன் என்பது ரோமியோவுக்குத் தெரியும். அங்கே நிற்கும் வேறு எவருக்கும் தெரியாது. மெர்குஷியோவோ தன் நண்பன் இன்னமும் தன் பழைய காதலி ரோசலினை நினைத்து உருகிக்கொண்டிருக்கிறான் என்றே கடைசிவரை நம்பிக்கொண்டிருக்கிறான்.

இந்தக் காட்சியின் திறவுகோல் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ரோமியோ டிபால்ட்டிடம், உன்னை நேசிப்பதற்கு எனக்கு ஒரு காரணம் இருக்கிறது, அதை நீ பிறகு அறிவாய் என்கிறான்; காபுலெட் (ஜூலியட்டின் குடும்பம்) என்ற பெயரை என் சொந்தப் பெயரைப் போலவே போற்றுகிறேன் என்கிறான். அரங்கில் அமர்ந்திருக்கும் நமக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்குகிறது. எதிரே வாளோடு நிற்பவனுக்கோ அது கேலியாகவும், பக்கத்தில் நிற்கும் நண்பனுக்கோ மானங்கெட்ட பணிவாகவும் கேட்கிறது. நண்பனின் மானத்தைக் காப்பாற்றவே மெர்குஷியோ வாளை உருவுகிறான். கோபத்தால் சண்டை மூள்வது உலகில் எங்கும் நடப்பது. இங்கே சமாதானப் பேச்சே சண்டையை மூட்டுகிறது. திருமணம் ரகசியமாக நடந்ததால், அமைதிக்கான காரணத்தை வெளியே சொல்ல ரோமியோவால் முடியவில்லை. இரு குடும்பங்களின் பகையைத் தீர்க்கும் என்று நம்பித் துறவி செய்து வைத்த அந்தத் திருமணமே, செய்து முடித்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் உயிரைக் குடிக்கிறது. இதை எப்படித் தற்செயல் என்பது?

அடுத்து, குத்து விழும் அந்த நொடியை மாணவர்களிடம் நிறுத்தி நிதானமாகக் காட்டுங்கள். 1597-இல் வந்த முதல் குவார்ட்டோ பதிப்பில் (குவார்ட்டோ என்பது அக்காலத்துச் சிறு அளவு அச்சுநூல்), ரோமியோவின் கைக்கு அடியில் வாளை நுழைத்து மெர்குஷியோவைக் குத்திவிட்டு டிபால்ட் ஓடுகிறான் என்று மேடைக்குறிப்பு தெளிவாகவே இருக்கிறது. 1599-இன் இரண்டாம் குவார்ட்டோவில் டிபால்ட் போய்விட்டான் என்ற அளவுக்குத்தான் இருக்கிறது. ஆனால் குறிப்பு இல்லாவிட்டாலும் வசனத்திலிருந்தே நடந்ததைத் தெரிந்துகொள்ளலாம்: ஏன் எங்கள் நடுவில் வந்தாய், உன் கைக்கு அடியில்தானே நான் குத்துப்பட்டேன் என்று மெர்குஷியோ கேட்கிறான். ரோமியோவின் விடை, எல்லாம் நன்மைக்கென்றே நினைத்தேன் என்பதுதான். நண்பனைக் காக்க நீண்ட கை, குத்தியவனுக்கு மறைப்பாகவும் குத்துப்பட்டவனுக்குத் தடையாகவும் ஆகிவிட்டது. நாடகம் முழுவதிலும் இதைவிடக் கூர்மையான மேடைப்படிமம் எனக்குத் தெரியவில்லை. துறவியின் நல்லெண்ணம், செவிலியின் அன்பு, கடைசியில் ஜூலியட் செத்தவள் போலக் கிடக்கத் துறவி கொடுக்கும் அந்த மயக்க மருந்து என்று ஒவ்வொரு உதவியும் எப்படி அழிவில் முடிகிறது என்பதற்கு அந்தக் கை முன்னறிவிப்பாக இருக்கிறது.

காயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ரேப்பியர் என்னும் மெல்லிய நீண்ட வாள் பெரும்பாலும் குத்துவதற்கானது. வெளியே சிறு துளையாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக இறங்கியிருக்கும். அதனால்தான் மெர்குஷியோ வெறும் கீறல் என்கிறான், ரோமியோவும் காயம் பெரிதாக இருக்காது, தைரியமாக இரு என்கிறான். கிணறு அளவு ஆழமில்லை, கோயில் கதவளவு அகலமில்லை, ஆனாலும் இது போதும் என்று மெர்குஷியோ சொல்லும்போது, வாழ்நாள் முழுதும் வேடிக்கை பேசிய வாய் சாகும்போதும் அந்தப் பேச்சை விடவில்லை. நகைச்சுவையின் குரலே மெல்ல மெல்ல மரண ஓலமாக மாறுவதை நடிகர் சரியாகச் செய்தால், நாடகத்தின் இனம் மாறிவிட்டது என்பதைப் பார்வையாளருக்கு எவரும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தென்றல்வழி:

திரைச்சீலை ஐயா எழுதியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் அவர் முதல் குத்தோடு நின்றுவிட்டார் என்பது என் குறை. அந்தக் காட்சியில் இரண்டு சண்டைகள் இருக்கின்றன. முதல் சண்டையில் ரோமியோ தடுக்க வந்தவன். இரண்டாவதில் அவனே கொலை செய்பவன். காயம்பட்ட மெர்குஷியோவை அழைத்துச் சென்றதும், அவன் இறந்த செய்தி வருவதற்கு முன்பே, ஜூலியட்டின் அழகு என்னைக் கோழையாக்கிவிட்டது என்று ரோமியோ புலம்புவதைக் கவனியுங்கள். அதுவரை அவனை உயர்த்திய காதலையே அந்த நொடியில் பழிக்கிறான். பிறகு டிபால்ட் திரும்பி வருவதைக் கண்டதும், பொறுமையே, நீ வானுலகுக்குப் போய்விடு, தீ விழிச் சினமே இனி எனக்கு வழிகாட்டட்டும் என்று அறிவித்துவிட்டு வாளை எடுக்கிறான். விதியின் கைப்பாவையாகிவிட்டேன் என்று அவன் கூவுவது கொன்ற பிறகுதான். விதியைப் பற்றிப் பேசும் மாணவர்களிடம் இந்த வரிசையை எடுத்துக் காட்டுங்கள், அம்மா. நல்லெண்ணம் தோற்றது விபத்தாக இருக்கலாம். பழிவாங்கும் முடிவு அவனுடைய வினை. ஓடிப்போன டிபால்ட்டை அரசின் சட்டத்திடம் விட்டிருந்தால் மரணதண்டனை டிபால்ட்டுக்குத்தான் கிடைத்திருக்கும். முதல் அங்கத்திலேயே இளவரசர், தெருவில் இனிச் சண்டை மூண்டால் உயிரே விலை என்று எச்சரித்திருக்கிறார்.

இந்தக் காட்சியின் மூன்றாவது பகுதியைப் பெரும்பாலான வகுப்புகளில் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ அதுதான் மிகவும் பிடித்த பகுதி. இளவரசர் வந்து யார் தொடங்கியது என்று கேட்கிறார், ரோமியோவின் உறவினனும் நண்பனுமான பென்வோலியோ சாட்சி சொல்கிறான். அந்தச் சாட்சியத்தை, நாம் சற்றுமுன் கண்ணால் கண்ட சண்டையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். ரோமியோ பணிவாகப் பேசினான் என்பது உண்மை. கைக்கு அடியில் குத்து விழுந்ததும் உண்மை. ஆனால் டிபால்ட்டை வலிய வம்புக்கு இழுத்து வாளை முதலில் உருவியவன் மெர்குஷியோ என்ற செய்தி மட்டும் அந்தச் சாட்சியத்தில் இல்லை. டிபால்ட்தான் மெர்குஷியோவின் மார்பை நோக்கி வாளை நீட்டினான் என்று கதை மாறிவிடுகிறது. இது உண்மை, பொய்யானால் நான் சாகட்டும் என்று பென்வோலியோ சத்தியமும் செய்கிறான். நாடகத்திலேயே நிதானமானவன் என்று நாம் நம்பியவன் இவன். ஜூலியட்டின் தாய் காபுலெட் சீமாட்டியோ இருபது பேர் சேர்ந்து ஓர் உயிரைக் கொன்றார்கள் என்று முறையிடுகிறாள். அங்கே இருபது பேர் ஒருவனைத் தாக்கவில்லை என்பது நமக்குத் தெரியும். பகை வேரூன்றிய ஊரில் நேர்மையான மனிதனின் கண்ணும் தன் பக்கத்தையே பார்க்கிறது என்பதை ஷேக்ஸ்பியர் ஒரு வார்த்தை விளக்கமும் இல்லாமல் காட்டிவிடுகிறார். அதன் பிறகு பென்வோலியோ நாடகத்தில் பேசவே இல்லை.

தீர்ப்பும் அப்படியே. மெர்குஷியோ இளவரசரின் உறவினன். உங்கள் சண்டையில் என் இரத்தம் சிந்துகிறது என்று அவரே சொல்கிறார். மரணதண்டனை நாடுகடத்தலாகக் குறைகிறது. கருணையாகத் தோன்றும் அந்த நாடுகடத்தல்தான் ரோமியோவை மாந்துவா நகருக்கு அனுப்புகிறது, துறவி அவனுக்கு எழுதும் கடிதத்தின் தேவையை உண்டாக்குகிறது, அந்தக் கடிதம் போய்ச் சேராமல் போகவும் வழிசெய்கிறது. கடைசிக் காட்சியில், உங்கள் பகையைக் கண்டும் காணாமல் இருந்ததற்கு நானும் இரண்டு உறவினரை இழந்தேன் என்று இளவரசர் சொல்லும்போது, மெர்குஷியோவோடு, ஜூலியட்டை மணக்கவிருந்த பாரிஸையும் சேர்த்தே சொல்கிறார்.

மருதநில வாசகி:

இருவருக்கும் மிக்க நன்றி. சாட்சியத்தைச் சண்டையோடு ஒப்பிடும் பயிற்சியை அடுத்த வகுப்பிலேயே கொடுக்கப் போகிறேன். மெர்குஷியோவைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம் தெளிவு வேண்டும். அவனைக் கொல்லாவிட்டால் அவன் ஆசிரியரான தன்னையே கொன்றுவிடுவான் என்பதால் மூன்றாம் அங்கத்தில் கொல்ல வேண்டியதாயிற்று என்று ஷேக்ஸ்பியர் சொன்னதாகக் கவிஞரும் விமர்சகருமான டிரைடன் 1672-இல் எழுதினார் அல்லவா? பாத்திரம் கைமீறிப் போனதால் ஆசிரியர் அகற்றிவிட்டார் என்ற அந்த விளக்கம் சரிதானா?

அரங்கநேசன்:

அம்மா, டிரைடன் சொன்னது சுவையான செய்திதான், ஆனால் நாடகத்தின் மூலக்கதையைப் படித்தவர்கள் அதை ஏற்க மாட்டார்கள். ஆர்தர் புரூக் 1562-இல் வெளியிட்ட நெடுங்கவிதையே ஷேக்ஸ்பியருக்கு முதன்மையான மூலம். அதில் மெர்குஷியோ விருந்தில் ஜூலியட்டின் மறுபக்கத்தில் அமரும் ஒரு விருந்தாளி. அவன் கைகள் பனிபோல் குளிர்ந்தவை என்பதைத் தவிர அவனுக்குக் கதையில் வேலை இல்லை. சண்டையில் அவன் சாவதும் இல்லை. இரு தரப்பும் மோதும்போது ரோமியஸ் (புரூக்கின் ரோமியோ) விலக்கிவிட வருகிறான், டிபால்ட் அவனையே தாக்குகிறான், தற்காப்பில் அவன் டிபால்ட்டைக் கொன்றுவிடுகிறான். அவ்வளவுதான். மேலும் புரூக்கின் கதையில் திருமணத்துக்குப் பிறகு காதலர் ஓரிரு மாதங்கள் இரவுதோறும் சந்தித்து இன்பமாக வாழ்ந்த பின்பே சண்டை வருகிறது.

ஷேக்ஸ்பியர் செய்த மாற்றங்களை இதன் அருகில் வைத்துப் பாருங்கள். ஓரிரு மாதங்களை ஒரு மணி நேரமாகச் சுருக்கினார். ஞாயிறு இரவு விருந்து, திங்கள் பிற்பகல் திருமணம், அன்றே சண்டை, அன்றிரவே முதலிரவும் பிரிவும் என்று எல்லாமே ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பெயரளவில் இருந்த மெர்குஷியோவை இரண்டு அங்கங்கள் முழுக்க நமக்கு நெருங்கிய நண்பனாக்கி வளர்த்தார். வளர்த்ததே இழப்பதற்காகத்தான், கைமீறிப் போனதால் கொன்றார் என்பதற்கு இடமே இல்லை. புரூக்கின் ரோமியஸுக்கு இழந்த நண்பன் யாரும் இல்லை, ஆகவே பழிவாங்கும் பாவமும் இல்லை. தென்றல்வழி சொன்ன வினை முழுவதும் ஷேக்ஸ்பியர் புதிதாகச் சேர்த்தது. அதைச் சேர்ப்பதற்கு அவருக்கு மெர்குஷியோவின் பிணம் தேவைப்பட்டது.

நாடகம் எழுதப்பட்ட 1595-ஐ ஒட்டிய ஆண்டுகளின் லண்டனையும் மாணவர்களுக்குச் சொல்லுங்கள். இத்தாலிய வாட்பயிற்சி அப்போது அங்கே பெரிய மோகமாக இருந்தது. வின்சென்டியோ சாவியோலோவின் வாட்பயிற்சி நூல் 1595-இல் ஆங்கிலத்தில் வந்தது. அந்த மோகத்தைக் கடுமையாகத் தாக்கி ஜார்ஜ் சில்வர் 1599-இல் எழுதினார். டிபால்ட் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சண்டை போடுபவன் என்று சாகும் தறுவாயில் மெர்குஷியோ ஏசுவதில் அந்தக் காலத்து வாக்குவாதம் ஒலிக்கிறது. நாடகக்காரர்களுக்கும் இது வெறும் கற்பனைச் செய்தியாக இல்லை. 1589-இல் நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோவுக்கும் வில்லியம் பிராட்லிக்கும் லண்டன் தெருவில் நடந்த சண்டையின் நடுவே கவிஞர் தாமஸ் வாட்சன் வந்தார். பிராட்லி அவர் பக்கம் திரும்பினார். வாட்சனின் வாளால் மாண்டார். 1598-இல் நாடகாசிரியர் பென் ஜான்சன் நடிகர் கேப்ரியல் ஸ்பென்சரைக் கொன்றுவிட்டுத் தூக்கிலிருந்து மயிரிழையில் தப்பினார். இடையில் புகுந்தவன் கையால் ஓர் உயிர் போவது என்ன என்பதை அந்த அரங்கில் கூடியவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

இன்னொன்று, இந்தச் சண்டை மூன்றாம் அங்கத்தோடு முடியவில்லை. ஐந்தாம் அங்கத்தில் கல்லறை வாசலில் பாரிஸ் ரோமியோவை மறிக்கிறான். ஜூலியட்டின் உறவினனைக் கொன்றவன் இவன், அந்தத் துயரத்தால்தான் அவள் இறந்தாள் என்று அவன் நம்புகிறான். ரோமியோ அங்கும் முதலில் மன்றாடுகிறான்: நல்ல இளைஞனே, வாழ்வை வெறுத்தவனைச் சீண்டாதே, போய்விடு என்கிறான். அங்கும் காரணத்தைச் சொல்ல முடியவில்லை, அங்கும் பணிவு தோற்கிறது, வாள் எழுகிறது. பிறகு கல்லறைக்குள் டிபால்ட்டின் உடலைக் கண்டு, உறவினனே, என்னை மன்னித்துவிடு என்கிறான். தெருவில் எல்லோர் முன்னிலையிலும் சொல்லியிருந்தால் மூன்று உயிர்களையாவது காத்திருக்கக்கூடிய அந்த உறவை, கேட்க ஆளில்லாத இடத்தில்தான் அவனால் வாய்விட்டுச் சொல்ல முடிகிறது.

தென்றல்வழி:

அரங்கநேசன் ஐயாவின் கடைசிப் பத்தி என்னை மீண்டும் புத்தகத்தை எடுக்க வைத்துவிட்டது. பிற நாடகங்களைப் பற்றிய கேள்வி எஞ்சியிருப்பதால் சுருக்கமாக எழுதுகிறேன்.

இதற்கு மிக நெருக்கமானது ‘ஒதெல்லோ’வின் இரண்டாம் அங்கத்தில் சைப்ரஸில் நடக்கும் இரவுச் சண்டை. தளபதி ஒதெல்லோவின் துணைவனான காசியோவுக்கு மதுவை ஊற்றிக் கொடுத்து, தன் கைப்பாவையான ரோடரிகோவை ஏவிவிட்டு, விலக்க வந்த மொன்டானோ காயப்படும்வரை, வஞ்சகனான இயாகோ காத்திருக்கிறான். ஊர்மணி ஒலிக்கிறது, ஒதெல்லோ வருகிறான், யார் தொடங்கியது என்று இங்கேயும் விசாரணை. இங்கே சாட்சி சொல்பவன் இயாகோ. காசியோவுக்குக் கெடுதல் செய்வதைவிட என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் என்று தொடங்கி, ஒவ்வொரு சொல்லாலும் காசியோவைக் குற்றவாளியாக்கிவிடுகிறான். காசியோ பதவி இழக்கிறான்; அவனுக்காகப் பரிந்து பேசப் போய் ஒதெல்லோவின் மனைவி டெஸ்டிமோனா சந்தேகத்துக்கு ஆளாகிறாள். அங்கே ஓர் உயிரும் போகவில்லை, ஆயினும் பின்னால் போகும் எல்லா உயிர்களும் அந்த இரவில்தான் கணக்கில் ஏறுகின்றன. பென்வோலியோவின் சாட்சியத்தையும் இயாகோவின் சாட்சியத்தையும் அருகருகே வைத்து நடத்தினால், அன்பால் திரிந்த உண்மைக்கும் வன்மத்தால் திரிக்கப்பட்ட உண்மைக்கும் உள்ள வேறுபாடு மாணவர்களுக்கு நன்றாகப் பிடிபடும்.

‘ஹாம்லெட்’டிலும் ‘மேக்பெத்’திலும் சண்டைகள் முடிவில் வருகின்றன, அவை கணக்கைத் தீர்க்கும் சண்டைகள். ‘ஹாம்லெட்’டில் லேயர்ட்டீஸின் நஞ்சு பூசிய வாள் கைமாறும்போது, அதுவரை சேர்ந்த குற்றங்களுக்கெல்லாம் ஒரே மேடையில் விலை கொடுக்கப்படுகிறது. ரோமியோ ஜூலியட் நடக்கும் வெரோனாவின் சண்டை நடுவில் வருவதால், இரண்டரை அங்கங்களை அதன் விளைவுகளுக்கென்றே ஒதுக்க முடிகிறது. அதில் முதலாவது, அடுத்த காட்சியின் தொடக்கத்திலேயே இருக்கிறது: இரவு சீக்கிரம் வரட்டும், கதிரவனின் குதிரைகள் விரைந்து ஓடட்டும் என்று ஜூலியட் ஏங்குகிறாள். கணவன் தன் உறவினனைக் கொன்றுவிட்டு ஊரைவிட்டு விரட்டப்படுவது அவளுக்கு இன்னும் தெரியாது. அந்த வரிகளை மாணவர்கள் தனிப்பாடலாக மனப்பாடம் செய்கிறார்கள். சண்டைக் காட்சியை வாசித்த கையோடு, இடைவெளி விடாமல், ஒரே மூச்சில் அதையும் வாசிக்கச் சொல்லுங்கள் அம்மா. உங்கள் மாணவி கேட்ட துன்பியல் அங்கே அவருக்குக் கேட்கும்.